பின்பக்கத்துப் புல்லும் வெள்ளிக்கிழமை ஜெபமும்

சென்னை மாதவரம் பக்கம் இப்போது புதிதாகக் கட்டுகிற வீடுகளில் மண்ணே கண்ணில் படுவதில்லை. வாசலில் டைல்ஸ், பக்கவாட்டில் சிமெண்ட், பின்னால் பேவர் பிளாக், மிச்சம் இருக்கிற சந்தில் மோட்டாரும் ஏசி யூனிட்டும். எங்கள் வீடு பழையது. ஐசிஎப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா எண்பதுகளில் மனை வாங்கி, லோன் போட்டு முன்னால் வீட்டைக் கட்டிவிட்டு, பின்னால் வெறும் மண்ணாக விட்டுவைத்தார். முப்பதுக்குப் பதினைந்து இருக்கும் அந்த இடம். ஒரு ஓரத்தில் துவைக்கிற கல், ஒரு முருங்கை, அவ்வளவுதான். அதை என்ன செய்யலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் சிமெண்ட் போட்டுவிடு, பூச்சி பொட்டு வராது, சேறு ஆகாது, பெருக்கவும் சுலபம் என்றார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் எனக்கு அங்கே புல் வேண்டும் என்று இருந்தது. அதற்குக் காரணம் எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபம்.

எங்கள் ஏரியா ஜெபத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வியாசர்பாடி, கொடுங்கையூர், மூலக்கடைப் பெண்கள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வருகிறவர்கள், எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாள் முழுக்க நின்றுகொண்டே துணிக்குப் பிசிறு வெட்டுகிறவர்கள், விடியுமுன் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்துவந்து தெருத்தெருவாகக் கூடை சுமக்கிறவர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வீடு என்பது ஒரு அறையும் ஒரு சமையல் மேடையும். முறைவைத்து ஒவ்வொரு வீடாகக் கூட்டம் நடக்கும்போது பத்துப் பேர் உள்ளே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார, மீதிப் பேர் படிக்கட்டிலும் வாசலிலும் நின்றபடி பாடுவார்கள். உட்கார இடமில்லாமல் ஜெபத்துக்கு வருவதையே நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. அவர்களுக்குக் காலை நீட்டி உட்கார ஒரு இடம் வேண்டும் என்பதுதான் எனக்கு மனசில் இருந்தது.

ஐயாயிரம் பேருக்கு இயேசு அப்பம் கொடுத்த சம்பவத்தை நாம் ஞாயிறு பள்ளியிலிருந்தே கேட்டு வருகிறோம். ஐந்து அப்பம், இரண்டு மீன், பன்னிரண்டு கூடை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். அந்த இடத்தில் புல் இருந்ததைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களில் யாரும் பேசியதில்லை. ஆனால் எழுதியிருக்கிறது. ஜனங்களைப் புல்லின்மேல் உட்காரச் சொன்னார் என்று மத்தேயு எழுதுகிறார், அது பசும்புல் என்று மாற்கு எழுதுகிறார், அந்த இடத்தில் புல் மிகுதியாக இருந்தது என்று யோவான் எழுதுகிறார். யோவானே இன்னொன்றும் சொல்கிறார், அப்போது பஸ்கா பண்டிகை நெருங்கியிருந்தது என்று. பஸ்கா வருவது நம் கணக்குக்கு மார்ச் கடைசி, ஏப்ரல் வாக்கில். கலிலேயாவில் மழை குளிர்காலத்து மழை, அது பெய்கிற காலத்திலும் ஓய்ந்த கொஞ்ச நாளிலும்தான் மலைச்சரிவுகள் பச்சையாக இருக்கும், வெயில் ஏற ஏற எல்லாம் காய்ந்து பழுப்பாகிவிடும். ஆக மாற்கு ஒரு விவரத்தையும் யோவான் ஒரு விவரத்தையும் தனித்தனியாகச் சொல்லியிருக்க, இரண்டும் அப்படியே பொருந்தி நிற்கின்றன. இதை நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். பொழுது சாயும்வரை கேட்டுக்கொண்டிருந்த ஜனத்தை அவர் முதலில் உட்காரவைத்தார், அப்புறம்தான் அப்பத்தைப் பிட்டார். அவர்களுக்குப் பசி ஆறுவதற்கு முன்னால் கால் ஆறியது.

அதனால் பூங்காக்களில் புல்தரையில் கால் வைக்காதீர்கள் என்று போர்டு வைப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை. பராமரிப்புக் கஷ்டம் அவர்களுக்கு இருக்கலாம். ஆனாலும் வடசென்னையில் ஒரு குழந்தை வெறுங்காலோடு புல்லில் ஓட வேறு எங்கே போகும்?

சரி, எந்தப் புல்? நர்சரியில் கேட்டால் முதலில் கொரியன் புல், மெக்சிகன் புல் என்றுதான் காட்டுவார்கள். சதுர அடிக் கணக்கில் பாய் மாதிரிச் சுருட்டிக் கொண்டுவந்து விரித்துவிட்டுப் போவார்கள், அன்றைக்கே பச்சையாகிவிடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத் தண்ணீர்தான் பெரிய கேள்வி. 2019 கோடையை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டோம். புழல் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றி வில்லிவாக்கத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள், லாரி வருகிற நேரம் தெரியாமல் பெண்கள் ராத்திரி முழுக்கக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஜெபத்துக்கு வருகிற பெண்கள்தான் அவர்கள். அவர்களை உட்காரவைப்பதற்காக வளர்க்கிற புல்லுக்கு அவர்கள் குடத்தில் விழவேண்டிய தண்ணீரை ஊற்றினால் அந்த ஜெபம் எப்படி மேலே போகும்? புல்லுக்கென்று நல்ல தண்ணீரைக் கணக்கில்லாமல் திறந்துவிடுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன்.

அருகம்புல்லைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான். வெயில் தாங்கும், மிதி தாங்கும், ஓரளவு உப்புத்தண்ணீரும் தாங்கும். அதற்கு ஆகாதது நிழல் ஒன்றுதான். முருங்கைக்கு அடியில் மட்டும் இன்றைக்கும் சொட்டையாக இருக்கிறது, அந்த இடத்தில் செருப்பு விடுகிறோம். வாஷிங் மெஷினில் கடைசி அலசல் தண்ணீரைக் குழாய் போட்டுப் புல் பக்கம் திருப்பிவிட்டோம். முதல் தண்ணீர் வேண்டாம், அதில் சோப்பு அதிகம். அரிசி, பருப்பு, காய்கறி கழுவுகிற தண்ணீரும் அங்கேதான் போகிறது. சோப்புத் தண்ணீரே தொடர்ந்து போனால் மண் இறுகிவிடும் என்பதால் இடையிடையே போர் தண்ணீரும் விடுவோம், மழை வந்தால் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். எதை ஊற்றினாலும் காலையிலேயே ஊற்றிவிட வேண்டும். ராத்திரி முழுக்க ஈரத்தோடு கிடந்தால் பூஞ்சை பிடிக்கும்.

நடுவது பெரிய வித்தை இல்லை. ஒரு அடி ஆழத்துக்குக் கொத்தி, கட்டட வேலையில் புதைந்த ஜல்லி, செங்கல் துண்டு, உடைந்த டைல்ஸ் எல்லாம் பொறுக்கி எடுத்து, களிமண் இளகுவதற்கு மணலும், பால் பண்ணைப் பக்கத்து மாட்டுக்காரர் கொடுத்த மக்கிய சாணியும் கலந்து சமப்படுத்தினோம். அருகம்புல்லைக் கணுவோடு துண்டு துண்டாக நறுக்கி நாலு விரல் இடைவெளியில் ஊன்றி, மேலே மிதித்துவிட்டோம். அவ்வளவுதான் நட்டது. தரையோடு ஓடுகிற தண்டில் ஒவ்வொரு கணுவும் மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விடும், அதிலிருந்து இன்னொரு கொடி கிளம்பும், தானாகவே இடத்தை நிரப்பிக்கொள்ளும். வெட்டும்போது ஒரேயடியாக மொட்டை அடிக்கக் கூடாது, உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் அடியில் இருக்கிற மஞ்சள் தண்டு தெரிந்து வெயிலில் வாடிவிடும்.

பெரிய பாடு கோரைதான். ஒரு நாள் அம்மா ஒரு கோரையைப் பிடுங்காமல், சின்னக் கரண்டியால் சுற்றிலும் தோண்டி முழுசாக எடுத்துக் காட்டினார்கள். மேலே மூன்றே மூன்று இலை. கீழே நூல் மாதிரி ஒரு வேர், அதில் கறுப்பாக ஒரு கிழங்கு, அதிலிருந்து இன்னொரு நூல், இன்னொரு கிழங்கு, அது பக்கவாட்டில் அருகம்புல் வேருக்கு நடுவே எங்கேயோ போகிறது. கிழங்கைக் கிள்ளி முகர்ந்தால் நல்ல வாசனை, கஷாயத்துக்குக் கூடப் போடுவார்கள். இலையைப் பிடித்து இழுத்தால் நூல் அறுந்து கிழங்கு உள்ளேயே தங்கிவிடும், சில நாளில் அதே இடத்தில் மறுபடியும் நிற்கும். வெறியோடு தோண்டினால் நல்ல புல்லும் கூட வந்துவிடும். கோதுமையும் களையும் உவமையில் வேலைக்காரர்கள் போய்ப் பிடுங்கட்டுமா என்று கேட்கிறபோது எஜமான் வேண்டாம் என்கிறார், களையைப் பிடுங்கப்போய்க் கோதுமையையும் வேரோடு பிடுங்கிவிடுவீர்கள், அறுப்புமட்டும் இரண்டையும் வளரவிடுங்கள் என்கிறார். முன்பெல்லாம் இதைப் படிக்கும்போது ஏன் இவ்வளவு பொறுமை என்று தோன்றும். மண்ணுக்குள் இரண்டு வேரும் பின்னிக் கிடப்பதைக் கையில் வைத்துப் பார்த்த பிறகு அப்படித் தோன்றுவதில்லை. சபையில் ஒருவரைப் பற்றி நாலு பேர் கூடி இவரை நீக்கியே ஆகவேண்டும் என்று பேசும்போது எனக்கு அந்தக் கிழங்குதான் ஞாபகம் வருகிறது. அவரோடு வேர் பின்னிக் கிடக்கிற மனைவி, பிள்ளைகள், அவர் கையைப் பிடித்துச் சபைக்கு வந்தவர்கள் எத்தனை பேர்.

கோரையை நாங்கள் விட்டுவிடவில்லை, மழை பெய்து மண் இளகிய மறுநாள் கரண்டியோடு உட்கார்ந்து கிழங்கோடு எடுப்போம். போதுமான அளவுக்கு அடங்கியிருக்கிறது.

அருகம்புல் வீட்டில் இருந்தால் பிள்ளையார் சதுர்த்திக்கு ஆள் வராமல் இருக்குமா. பக்கத்து வீட்டு அக்கா முதல் வருஷமே சுவரோரம் நின்று, "ஆன்ட்டி, கொஞ்சம் புல்லு பறிச்சுக்கட்டுமா?" என்று அம்மாவிடம் கேட்டார். "இதுக்கெல்லாம் கேக்கணுமா, உள்ள வந்து எடுத்துக்கம்மா" என்றார்கள் அம்மா. இது எப்படியோ சபையில் ஒரு பிரதர் காதுக்குப் போய், அவர் வீட்டுக்கே வந்து, "விசுவாசி வீட்டுல இருந்து அதுக்குப் புல்லு குடுக்கலாமாம்மா?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார், அவருக்கு அது உண்மையான மன உறுத்தல். அம்மா காபி கொடுத்துவிட்டுச் சொன்னார்கள்: "புயல்ல வீட்டுக்குள்ள தண்ணி வந்தப்போ நாங்க அவங்க மாடியிலதான் படுத்தோம் தம்பி. எந்த சாமி வீடுன்னு அவங்க எங்கள நிறுத்தல. புல்ல நானா முளைக்க வச்சேன்?" 

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலைத்தான் அம்மா சொன்னது. ரோடு மேல் ரோடு போட்டு எங்கள் வீடு பள்ளமாகிவிட்டது, முழங்கால் அளவு தண்ணீர். நான் இதில் முழுக்க அம்மா பக்கம். பூமியிலே புல்லை முளைப்பிக்கிறவர் அவர் என்று சங்கீதம் பாடிவிட்டு, அதில் ஒரு பிடியைப் பக்கத்து வீட்டுக்கு மறுப்பதற்கு எனக்கு எந்த உரிமையும் இருப்பதாகத் தெரியவில்லை. அந்தப் பிரதர் இன்றைக்கும் ஜெபத்துக்கு வருகிறார். அக்கா வீட்டுப் பையன்தான் எங்களுக்கு மைக் செட் மாட்டிக் கொடுக்கிறான்.

சபையில் புல்லைப் பற்றி நாம் அதிகம் கேட்பது அடக்க ஆராதனையில். மனுஷனுடைய நாட்கள் புல்லுக்கு ஒப்பாயிருக்கிறது என்று அப்பாவைக் காசிமேடு கல்லறைத் தோட்டத்தில் வைத்த அன்று ஆயர் வாசித்தார். புல் உலர்ந்து பூ உதிரும், நமது தேவனுடைய வசனமோ என்றென்றைக்கும் நிற்கும் என்கிற ஏசாயா வசனமும் வந்தது. அப்பா போனபின் வந்த மே மாதத்தில், கத்திரி வெயிலில் பின்பக்கப் புல் முழுக்க வைக்கோல் நிறமாகிவிட்டது. அலசல் தண்ணீர் போதவில்லை. நான் கூடுதலாக எதுவும் ஊற்றவில்லை. ஜூலையில் இரண்டு மழை விழுந்ததும் கணுக்களிலிருந்து ஊசி ஊசியாகப் பச்சை வந்தது. மிக்ஜாம் தண்ணீர் வடிந்தபிறகும் அப்படித்தான், மேலே படிந்த சேற்றைத் துளைத்துக்கொண்டு வந்தது.

இதை அப்படியே உயிர்த்தெழுதலுக்கு உவமையாக்கிவிட எனக்கு ஆசைதான். ஆனால் ஏசாயா சொன்ன புல் அது இல்லை. அந்த நாட்டு மலையில் மழைக்கு முளைத்து, சூடான காற்று அடித்ததும் வேரோடு செத்துப்போகிற புல்லைப் பார்த்துத்தான் அவர் சொல்கிறார், நாம் அப்படித்தான் என்கிறார், அதை இனிப்பாக்கித் தர அவர் முயலவே இல்லை. எங்கள் அருகம்புல் திரும்பி வந்தது அதன் கிழங்குத் தண்டு மண்ணுக்குள் சாகாமல் இருந்ததால். அப்பா அப்படி இல்லை. அவர் இறந்துவிட்டார். அவர் எழுந்திருப்பார் என்று நான் விசுவாசிப்பது அவருக்குள் ஏதோ ஒன்று சாகாமல் தங்கியிருக்கும் என்பதால் இல்லை, கிறிஸ்து எழுந்ததால். இந்த வித்தியாசம் எனக்கு முக்கியம். கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் போய் அப்பா கல்லறையைச் சுற்றி முளைத்திருக்கிற புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, செவந்திப்பூ வைத்துவிட்டு வருகிறோம். அங்கேயும் அருகம்புல்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெயில் இறங்கியதும் கூட்டம். சேர் போடுவதில்லை, முட்டி மடக்க முடியாத இரண்டு பேருக்கு மட்டும் ஸ்டூல். பாய் விரித்துப் பார்த்தோம், எல்லாரும் பாயை விட்டுப் புல்லுக்கே நகர்ந்தார்கள். மீன் கூடை சுமக்கிற ஒரு பாட்டி வந்ததும் முதல் வேலையாகப் பாதத்தைப் புல்லில் முன்னும் பின்னும் தேய்ப்பார், வெடித்த குதிகாலில் ஈரம் படப்பட, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று நீட்டிச் சொல்வார். அன்றைய ஜெபம் அதிலேயே தொடங்கிவிடும். பாட்டு, சாட்சி, வேதபாடம், ஒருத்தர் மகனுக்கு வேலை, ஒருத்தர் வீட்டுக்காரரின் குடி, ஒருத்தர் ஸ்கேன் ரிப்போர்ட், எல்லாவற்றுக்கும் ஜெபம். கடைசியில் டீயும் சுண்டலும். பிள்ளைகள் உருண்டு புரண்டு எழுந்திருக்கும்போது முழங்கையெல்லாம் புல் தடம் விழுந்திருக்கும். கொசு உண்டு, அதற்கு வேப்பிலைப் புகை போடுகிறோம்.

இரண்டு மூன்று பேர் தங்கள் சபை வளாகத்திலும் வீட்டுப் பின்பக்கத்திலும் போடத் துண்டு கேட்டிருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற அக்டோபர்தான் இதற்கு நல்ல நேரம், தண்ணீர் செலவே இருக்காது. இடத்தை இப்போதே கொத்திப் போட்டு வெயில் காட்டி வையுங்கள், ஜல்லியைப் பொறுக்கிவிடுங்கள். ஒரு ஈரச் சாக்கு கொண்டுவந்தால் போதும், கணுவோடு நறுக்கித் தருகிறேன்.