66 மேலே, 99 கீழே

இன்று கண்ணில் பட்ட ஒரு செக் மொழி அழைப்பிதழ். தலைப்பிலேயே “டோப்ரீ டென்” என்று ஆங்கில மேற்கோள்குறி. எழுத்துகளின் மேல் கொக்கியும் கோடும் அத்தனை கவனமாகப் போட்டவர்கள் இதை விட்டுவிட்டார்கள்.

செக்கில் இப்படி வர வேண்டும்: „டோப்ரீ டென்“

திறக்கும் குறி வரியின் அடியில், 99 வடிவில். மூடும் குறி மேலே, 66 வடிவில்.

சிக்கலே இந்த 66தான். ஆங்கிலத்தில் அது திறக்கும் குறி. அதனால் வேர்டில் அந்தப் பத்தியின் மொழி ஆங்கிலம் என்று இருந்தால், மூடும் இடத்தில் அது தானாக வரவே வராது. உரையைத் தேர்ந்தெடுத்து, ரிவ்யூ மெனுவில் லாங்குவேஜ் போய், ப்ரூஃபிங் மொழியை செக் ஆக்குங்கள். ஏற்கெனவே அடித்த குறிகள் தானாக மாறாது. அழித்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும்.

விண்டோஸ் செக் விசைப்பலகை தருவது நேர்க்கோட்டுக் குறி (") மட்டுமே. கையால் போட, ஆல்ட்டை அழுத்தியபடி 0132 அடித்தால் „ வரும், 0147 அடித்தால் “ வரும். முன்னாலிருக்கும் பூஜ்யத்தை விடாதீர்கள். எண்கள் வலப்பக்க எண்பலகையில்தான், நம்லாக் போட்டு. மேல்வரிசை எண்களுக்கு இது வேலை செய்யாது.

லிப்ரே ஆபிஸில் டூல்ஸ், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ், லோக்கலைஸ்டு ஆப்ஷன்ஸ். இரட்டை மேற்கோளின் தொடக்கம், முடிவு இரண்டையும் அங்கே நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

லினக்ஸில் கம்போஸ் விசை (அதை அடித்து, பிறகு வேறு இரு விசைகளை அடுத்தடுத்து அடித்தால் ஒரே குறியாகச் சேரும்) வைத்திருந்தால் இன்னும் சுகம்: கம்போஸ், காற்புள்ளி, நேர் மேற்கோள். அடிக்குறி வந்துவிடும். காற்புள்ளிக்குப் பதில் < போட்டால் மேற்குறி.

கோட்டையும் கவனியுங்கள். இடைக்கோடு - வேறு, இருபுறமும் இடம் விட்டு வரும் நீள்கோடு – வேறு. அதற்கு ஆல்ட் 0150.