அந்த 148 பேர்

எனக்கு லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய், என்று தெரிவதற்கு ஒன்றரை வருஷம் முன்பே கன்னத்தில் கரும்படை விழுந்துவிட்டது. வீடியோ காலில் பார்த்த அம்மா, மங்கு விழுந்திருக்கு, ஜாதிக்காயைப் பால் விட்டு இழைத்துப் போடு என்றார். போட்டேன். இங்கே அட்லாண்டாவில் முதலில் பார்த்த டாக்டர் வெயில் அலர்ஜி என்று ஒரு க்ரீம் எழுதிக்கொடுத்தார். அதையும் போட்டேன். அப்புறம் விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் பல் தேய்க்க பிரஷ்ஷைப் பிடிக்க முடியாமல் போனபோதுதான் யாரோ ரத்தத்தை எடுத்து ஒழுங்காகப் பார்த்தார்கள். நான் தேடிப் பார்த்த படங்களில் எல்லாம் வெள்ளைக் கன்னத்தில் சிவப்பாகப் பட்டாம்பூச்சி மாதிரிதான் இருக்கிறது. என் நிறத்தில் அது பழுப்பாகத் தெரியும், இன்னும் கறுத்த தோலில் ஊதா கலந்த கருமை. அம்மா மேல் என்ன தப்பு?

இப்போது நாலு வாரத்துக்கு ஒருமுறை போய் உட்கார்ந்து பெலிமுமாப் என்ற லூபஸ் மருந்தை ஏற்றிக்கொள்கிறேன், ஒரு மணி நேரம். பக்கத்து நாற்காலியில் பெரும்பாலும் ஒரு கறுப்பினப் பெண்மணி இருப்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மனசுக்குள் அவரை அக்கா என்றுதான் வைத்திருக்கிறேன். அவருக்கு 24 வயதில் வந்தது, 27ல் கிட்னியில் இறங்கிவிட்டது. இது அவர் ஒருவரின் துரதிர்ஷ்டம் இல்லை. இதே ஜார்ஜியா மாநிலத்தில் ஃபுல்டன், டிகால்ப் கவுண்டிகளில் நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள், மிச்சிகனிலும் எடுத்தார்கள், 2014ல் வெளிவந்தது. வெள்ளைப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு லூபஸ் இரண்டு மூன்று மடங்கு அதிகம், வருவதும் சின்ன வயதில், கிட்னியைப் பிடிப்பதும் அதிகம்.

ஒருநாள் அக்காதான் கேட்டார், இந்த மருந்துத் தாளை நீ எப்போதாவது படித்திருக்கிறாயா என்று. நான் எங்கே படித்தேன்.

2011ல் பெலிமுமாப் வந்தபோது லூபஸுக்கென்றே ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்து அனுமதி கிடைத்த மருந்து என்று கொண்டாடினார்கள். ஆனால் அதன் தாளில், கறுப்பினத்தவருக்குக் கொடுக்கும்போது எச்சரிக்கை தேவை என்று ஒரு வரி இருந்தது. காரணம், அனுமதிக்கு அடிப்படையான இரண்டு பெரிய சோதனைகளிலும் சேர்ந்த கறுப்பினத்தவரில் மருந்து ஏறியவர்களைவிட, வழக்கமான மாத்திரைகளோடு வெறும் போலி மருந்து ஏறியவர்கள் கொஞ்சம் நன்றாகத் தேறியதாகக் கணக்கு வந்தது. சரி, மொத்தம் எத்தனை பேர்? 1,684. அதில் கறுப்பினத்தவர் 148. இவ்வளவு சின்னக் கூட்டத்தை வைத்து மருந்து கேட்கிறது என்றும் சொல்ல முடியாது, கேட்கவில்லை என்றும் சொல்ல முடியாது. எந்தக் கூட்டத்தை இந்த நோய் அதிகம் தாக்குகிறதோ அந்தக் கூட்டத்துக்கே, ஜாக்கிரதை என்று ஒரு வரி எழுதி முடித்துக்கொண்டார்கள்.

அப்புறம் கறுப்பினத்தவரை மட்டும் சேர்த்து எம்ப்ரேஸ் என்று ஒரு சோதனை நடத்தினார்கள். மருந்து ஏறியவர்களில் 48.7 சதவீதம் பேருக்குப் பலன், போலி மருந்தில் 41.6. புள்ளிவிவரக் கணக்கில் இது தேறவில்லை, தற்செயலாகவும் இருக்கலாம், ஆனாலும் பழைய சோதனைகள் கிளப்பிய பயத்துக்கு இதில் ஆதாரம் இல்லை, பாதுகாப்பிலும் புதிதாகச் சிக்கல் தெரியவில்லை. அந்த முடிவு கைக்கு வருவதற்குள் கிட்டத்தட்டப் பத்து வருஷம். முதலிலேயே போதுமான பேரைச் சேர்த்திருந்தால்?

சேர்த்தால் என்ன தெரியவரும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. லூபஸ் கிட்னிக்கு மைக்கோஃபீனோலேட் மாத்திரையா, சைக்ளோஃபாஸ்ஃபமைடு ஊசியா என்று 370 பேரிடம் ஒப்பிட்டு 2009ல் வந்த சோதனையில், மொத்தமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் வெள்ளையரும் ஆசியரும் அல்லாதவர்களை, அதாவது கறுப்பினத்தவர், கலப்பினத்தவர் போன்றவர்களைத் தனியாகப் பார்த்தபோது மாத்திரைக்குச் சுமார் 60 சதவீதம் பேர் தேறினார்கள், ஊசிக்கு 39கூட இல்லை. அந்த ஊசி கருத்தரிக்கும் வாய்ப்பையும் கெடுக்கக்கூடியது, இருபது வயதுப் பெண்ணுக்கு இது சின்ன விஷயமா? (அதில் ஆசியர் என்ற ஒரே பெட்டி. இங்கே படிவங்களில் நானும் சீனக்காரரும் அதே பெட்டியில்தான், அதற்குத் தனியாக ஒரு நாள் புலம்புகிறேன்.)

1997 முதல் 2017 வரை வெளியான லூபஸ் சோதனைகளை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க லூபஸ் நோயாளிகளில் கறுப்பினத்தவர் 43 சதவீதம், சோதனைகளில் சேர்ந்தவர்களில் 14. இதைச் சொன்னதுமே எல்லாரும் டஸ்கிகீ என்பார்கள். அலபாமாவில் சிபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்களை, பெனிசிலின் வந்த பிறகும் வைத்தியம் பார்க்காமல் 1972 வரை வேடிக்கை பார்த்த கதை. அந்த ஊர் இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம். அவநம்பிக்கை இருக்கத்தான் செய்யும். ஆனால் அக்கா சொன்னதுதான் எனக்கு உறைத்தது: "நாங்கள் நம்ப மாட்டோம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பதினெட்டு வருஷமாக, சோதனையில் சேர்கிறாயா என்று என்னிடம் ஒருத்தர்கூடக் கேட்டதில்லை."

கேட்டாலும் வாசலில் இன்னொரு பூட்டு. பல சோதனைகளில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு ஒரு எண்ணிக்கைக்குக் கீழே போனால் சேர்க்க மாட்டார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியில் நிறைய பேருக்கு டஃபி என்கிற மரபணு மாற்றம் உண்டு, ஒருவகை மலேரியாவிலிருந்து காக்கிற மாற்றம், அது இருந்தால் நல்ல ஆரோக்கியத்திலேயே ரத்தத்தில் அந்த எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். அது நோய் இல்லை, அவர்களுடைய இயல்பே அதுதான். லூபஸும் வெள்ளணுவைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் காகிதத்திலேயே கழித்துவிடுவார்கள். அப்புறம் வாரநாளில் பகல் பதினொரு மணிக்கு வரச்சொல்வது, பார்க்கிங் காசு, லீவு.

கறுப்பினப் பெண்களை இந்த நோய் அதிகம் படுத்துவதற்கு மரபணு மட்டும்தான் காரணம் என்றும் நான் சொல்லவில்லை. அட்லாண்டாவிலேயே கறுப்பினப் பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில் இனப் பாகுபாட்டை அதிகம் சந்தித்தவர்களுக்கு நோயின் வேகமும் உறுப்புச் சேதமும் கூடுதலாக இருந்தது. இதைச் சொன்னபோது அக்கா, இதற்கு ஆராய்ச்சி வேறா என்று சிரித்தார்.

போன தடவை அவர் மடியில் ஒரு கட்டுக் காகிதம். ஒரு புது மருந்துச் சோதனைக்குக் கேட்டிருக்கிறார்கள், முதல் முறையாக. பேனாவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகக் கோடு போட்டுப் படித்துக்கொண்டிருந்தார். சேரப் போகிறீர்களா என்றேன். இன்னும் முடிவு பண்ணவில்லை என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பின்புறத்தில் அவர் கையெழுத்தில் மூன்று கேள்விகள். பார்க்கிங் யார் கட்டுவது? சோதனை முடிந்தபிறகு மருந்து தொடர்ந்து கிடைக்குமா? மூன்றாவதுக்கு அடியில் இரண்டு கோடு: இந்த வெள்ளணு எண்ணிக்கையை யாருடைய ரத்தத்தைப் பார்த்து வைத்தீர்கள்?