அப்படி ஒண்டும் இல்ல அக்கா

2011 ஜனவரி வெள்ளம் வடிந்த கையோடு, மட்டக்களப்பு கிரான் பக்கம் கிணறு கிணறாகக் குளோரின் போட்டுக்கொண்டு போனோம். ஒரு வளவில் அந்த அக்கா கேட்டா:

“தம்பி, இந்த மருந்து போட்ட தண்ணியக் குடிச்சா பின்னுக்குப் புற்றுநோய் வருமாம். மெய்யா?”

“அப்படி ஒண்டும் இல்ல அக்கா. பயப்பிடாமக் குடிங்க.”

இவ்வளவுதான் பேச்சு. ஆனால் கிணற்றுத் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது. இலைகுழை அழுகிய தண்ணீரில் குளோரின் விழுந்தால் குளோரோபோம் போன்ற ட்ரைஹலோமீதேன்கள் உண்டாகும்; புற்றுநோய்ச் சந்தேகம் இந்தச் சேர்மங்கள் மேல்தான். ரொட்டர்டாமில் ரூக் என்பவர் 1974இலேயே எழுதிவைத்த விடயம். படித்துவிட்டுத்தான் வாளியைத் தூக்கியிருந்தேன்.

நான் சொன்னது பொய்யா? உலக சுகாதார நிறுவனம் குளோரோபோமுக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 300 மைக்ரோகிராம், அதுவும் ஆயுள் முழுக்கக் குடிப்பவருக்கான கணக்கு. சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடு தொடர்பு தெரிகிறது என்ற ஆய்வுகளும் பல ஆண்டுகள் குடித்தவர்களைப் பற்றியவை. வயிற்றோட்டமோ இரண்டு நாளில் பிள்ளையைச் சுருட்டிவிடும். கிருமிநீக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. அந்த அளவில் நான் செய்தது சரி.

ஆனால் அவ கேட்டது அளவை அல்ல, மெய்யா என்றுதான் கேட்டா. முதலில் கிணற்றை இறைத்துச் சேறள்ள வேண்டும், ஊறிவரும் தண்ணீருக்குத்தான் குளோரின். அன்று பம்ப் வேறு ஊரில் நின்றது. அதை நான் சொல்லவில்லை. மூடாமல் நன்றாகக் கொதிக்க வைத்தால் குளோரோபோமில் பெரும்பங்கு ஆவியோடு போய்விடும் என்றாவது சொல்லியிருக்கலாம். ஒரு வசனம்! வாயில் வந்தது, விழுங்கிவிட்டேன். சொன்னால் வேண்டாமென்றுவிடுவா என்ற பயம்.

பயம் வீணில்லை. 2014 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஓர் ஐயா அதே கேள்வியைக் கேட்டார். இம்முறை எல்லாம் சொன்னேன்: எது உண்டாகும், எவ்வளவு காலம் குடித்தால் கவலை, எப்படிக் கொதிக்க வைப்பது, கிருமி எவ்வளவு கெட்டது. பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப வேணாம் மகன். எங்கட கிணத்த விடுங்க.”

அவருக்குப் பின்னால் திண்ணையில் மூன்று சின்னப் பிள்ளைகள். கலக்கிய வாளியோடு படலைக்கு வெளியே வந்து கனநேரம் நின்றேன்.