கோடையைத் தாண்டி மாரியில் அழுகியது: தருமபுரத்தில் யூக்கா வளர்த்த நான்கு வருடம்

எங்கள் வளவில் முதலில் செத்தது நீல யூக்கா. அதுவும் கோடையில் இல்லை. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் அடித்து, கிணற்றுத் தண்ணீர் அடிக்குப் போய், செவ்வரத்தையே இலை சுருண்டு நின்ற மாதங்களில் அது ஒரு இலைகூட வாடாமல் நின்றது. 2021 கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்றாம் கிழமை நடுக்குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது. அடி கறுத்து, புளித்த கஞ்சி மணம்.

பாலைநிலத்துச் செடிதானே, வெயிலைத் தாங்கினால் போதும் என்று நினைத்திருந்தேன். இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் கணக்கு வேறு. இங்கே ஆண்டுக்குச் சராசரியாக 1250 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை கொட்டித் தீர்த்துவிடும். யூக்காவுக்கு இடம் தேடுகிறவர்கள் எட்டு மாத வெயிலை விட்டுவிட்டு அந்த நாலு மாதத்தை நினைத்து இடம் பார்க்க வேண்டும். நான்கு வருடம் வைத்துப் பார்த்ததில் நான் கண்டது இதைத்தான். மற்றதெல்லாம் இதற்குள் வந்துவிடும்.

போர் முடிந்து 2010 இல் திரும்பி வந்தபோது வளவில் இரண்டு வேம்பும் தலை போன ஒரு தென்னையும்தான் நின்றன. முதலில் தென்னம்பிள்ளை, மா, முருங்கை, வாழை என்று வயிற்றுக்கானதை வைத்தோம். பத்து வருடம் கழிந்துதான் முன்முற்றத்தைப் பற்றி யோசிக்க மனம் வந்தது. கோடையில் கிணற்றுத் தண்ணீர் கத்தரிக்கும் மிளகாய்க்குமே அளவு. பூச்செடிக்கு இறைக்க முடியாது. தண்ணீர் கேட்காமல் நிமிர்ந்து நிற்கிற ஒன்று வேண்டும் என்று தேடியபோதுதான் யூக்காவில் வந்து நின்றேன்.

2021 மாசி

வவுனியாவில் ஒரு பூங்கன்றுக் கடையில் “யூக்கா” என்று சொல்லித் தந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் அது டிரசீனா. சோள இலைபோல அகலமாக, நடுவில் மஞ்சள் பட்டையோடு, மெத்தென்று வளைந்து தொங்கும். யூக்கா இலை வாள்போல நிமிர்ந்து விறைப்பாக இருக்கும். வீட்டுக்குள் வைக்கிற பெரிய வகையின் இலையோரத்தில் விரலை மெல்ல ஓட்டினால் நுண்ணிய அரம்போல உரசும். டிரசீனாவில் அந்த உரசல் இல்லை. கடையில் நின்றே இதைச் செய்து பாருங்கள். இரண்டும் தூரத்துச் சொந்தம்தான், ஆனால் டிரசீனாவை எங்கள் நடுப்பகல் வெயிலில் வைத்தால் இலை எரிந்துபோகும்.

அடுத்த நடையில் சரியானவை கிடைத்தன. யூக்கா ஜிகாண்டியா இரண்டு: ஒன்று முழுப்பச்சை, மற்றது ஓரத்தில் வெண்மஞ்சள் கோடு போட்டது. முனை கூர்ந்த யூக்கா அலோயிஃபோலியா ஒன்று, இடுப்பளவு உயரம். கொழும்புக்குப் போன தம்பியிடம் சொல்லி நீல இலை யூக்கா ரொஸ்ட்ராட்டா ஒன்றும் எடுப்பித்தேன். மற்ற மூன்றையும் சேர்த்த காசு அதற்கு மட்டும் போனது.

பெயரைக் கேட்டதும் பக்கத்து வீட்டு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

“என்ன பிள்ளை, உது அன்னாசியோ?”

“இல்லை ஆச்சி, யூக்கா எண்டு ஒரு சாதி.”

“யூக்காவோ? கனடாவிலை மகள் மரவள்ளியை அப்பிடித்தான் கடையிலை கேட்டு வாங்கிறவளாம். எப்ப கிழங்கு கிண்டலாம்?”

ஆச்சி கேட்டதில் பிழை இல்லை. தென்னமெரிக்காவில் மரவள்ளிக்குப் பெயர் “யூக்கா”தான். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஜோன் ஜெரார்ட் என்ற மூலிகைத் தோட்டக்காரர் இந்தச் செடி ஒன்றை மரவள்ளி என்று எண்ணி வளர்த்திருக்கிறார். 1753 இல் லின்னேயஸ் தாவரங்களுக்கு முறையாகப் பெயர் வைத்தபோது அந்தப் பெயர் இதிலேயே நிலைத்துவிட்டது. மரவள்ளி ஆமணக்கின் குடும்பம், இதுவோ தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பம். உறவே கிடையாது. இதைச் சிரத்தையாகச் சொல்லக் காரணம் உண்டு. மரவள்ளி தின்று உயிர் பிழைத்த மண் இது. யாரும் பெயரை நம்பி இதன் அடியைக் கிண்டி அவித்துவிடக் கூடாது. உண்கிற கிழங்கு இதில் இல்லை. வேரில் இருப்பது நுரைக்கிற சப்போனின். அமெரிக்கப் பழங்குடிகள் சில யூக்காக்களின் வேரை இடித்துத் தலை முழுகினார்கள், நாங்கள் பூவந்திக்கொட்டை போடுவதுபோல. நாயோ பூனையோ இலையைக் கடித்தால் வாந்தி எடுக்கும்.

2021 மார்கழி

நீலம் போனது. ஏன் போனது என்று தேடிப் படித்தபிறகு அதன்மேல் இருந்த கோபம் போய்விட்டது. ரொஸ்ட்ராட்டாவின் ஊர் மேற்கு ரெக்சாசும் மெக்சிக்கோவின் வடக்கும். சிவாவா பாலைநிலத்தில் ஒரு முழு ஆண்டுக்கே 250 மில்லிமீற்றரை ஒட்டித்தான் மழை. எங்களுக்கு ஒரு நல்ல கார்த்திகை போதும் அந்த அளவைப் பெய்து முடிக்க. அதைக் கொண்டுவந்து, வயலை ஒட்டிய களியில், கூரைத் தண்ணீர் விழுகிற பக்கமாக நட்டது என் பிழை. காசு இருந்தால் மறுபடி வாங்குவேன். ஆனால் நிலத்தில் வைக்கமாட்டேன். பெரிய மண் சாடியில் வைத்து, ஐப்பசி பிறந்ததும் விறாந்தைக்குள் இழுத்துவிடுவேன்.

சாடியில் இருந்த கோட்டு யூக்காவுக்கும் ஆபத்து வந்தது. தரை பழுதாகாமல் இருக்க அடியில் பிளாஸ்ரிக் தட்டு வைத்திருந்தேன். அது நிறைய மழைத்தண்ணீர். கீழ் இலைகள் ஒரேயடியாக மஞ்சளாகின. தட்டை எறிந்து, செடியைக் கவிழ்த்து, கறுத்த வேரை வெட்டி, காயத்தில் மஞ்சளும் சாம்பலும் பூசி, நாலு நாள் நிழலில் கிடத்திப் புது மண்ணில் வைத்தேன். தப்பிவிட்டது.

மண் கலவையில் இப்போது நான் நிற்கிற இடம் இது: ஆற்று மணல் 2 பங்கு, கிரவல் 1 பங்கு, வளவு மண் 1 பங்கு, நன்றாக உக்கிய மாட்டெரு ஒரு கைப்பிடி. முதலில் பொச்சுத்தூள் அரைவாசி போட்டிருந்தேன். கோடைக்கு நல்லது, மாரியில் பஞ்சுபோலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். விட்டுவிட்டேன். சாடியின் அடித்துளை ஒன்று போதாது, நாலைந்து வேண்டும். துளைக்கு மேல் உடைந்த ஓட்டுத்துண்டைக் கவிழ்த்து வையுங்கள்.

2022

பச்சை ஜிகாண்டியாவைச் சாடியிலிருந்து எடுத்து நிலத்தில் வைத்தேன். இந்த முறை மேடு கட்டினேன். ஒரு முழ உயரம், இரண்டு முழ அகலம், உள்ளே கிரவலும் உடைந்த செங்கல்லும். பக்கத்து மண் சேறாகிக் கிடந்தாலும் மேட்டின் தலை இரண்டாம் நாளே காய்ந்துவிடுகிறது. அன்றிலிருந்து அந்தச் செடி திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த வகை எங்கள் பக்கத்துக்கு ஒத்துவருவதில் ஆச்சரியம் இல்லை. அதன் ஊர் தெற்கு மெக்சிக்கோவும் குவாத்தமாலாவும் அதைச் சுற்றிய நாடுகளும். மழைக்காலம் ஒன்று, வெயில்காலம் ஒன்று என்று பிரிந்த நிலம், எங்களைப் போலவே. எல் சல்வதோரின் தேசியப் பூ இதன் பூதான். அங்கே வெள்ளைப் பூவிதழை முட்டையோடு சேர்த்து வறுத்துச் சாப்பிடுகிறார்கள் என்று படித்தபோது அம்மாவின் முருங்கைப்பூ முட்டை வறை நினைவுக்கு வந்தது. எங்களுடையது இன்னும் பூக்கவில்லை. இதன் பழைய பெயர் எலிஃபன்டிப்ஸ், யானையின் பாதம் என்று அர்த்தம். வயது போகப் போக அடி அப்படிப் பருத்துப் பரவும். அதனால் கிணற்றுக்கட்டுக்கும் வீட்டு அத்திவாரத்துக்கும் பக்கத்தில் நட வேண்டாம். நிலத்தில் விட்டால் 8, 9 மீற்றர் உயரம் போகக்கூடிய மரம் இது.

அந்த வருடம் பெற்றோல் வரிசைக் காலம். கூர்முனை அலோயிஃபோலியாவைச் சாக்கில் சுற்றி, மடியில் வைத்து, பஸ்ஸில் முல்லைத்தீவுக் கரையிலுள்ள சிலாவத்தைக்குக் கொண்டுபோனேன், அக்கா வீட்டுக்கு. காரணம் எங்கள் முற்றத்துப் பிள்ளைகள். இதன் முனை உண்மையில் ஊசிதான். ஆங்கிலத்தில் இதைத் துப்பாக்கிக் கத்தி என்ற பொருளில் அழைக்கிறார்கள். மகள் பந்து எடுக்கக் குனிந்தபோது கண்ணுக்கு ஒரு விரல் தூரத்தில் முனை நின்றதைக் கண்டேன். அன்று பின்னேரமே கத்தரிக்கோலால் எல்லா முனையையும் வெட்டினேன். ஆனால் புது இலை புது ஊசியோடுதான் வரும். பிள்ளைகள் ஓடி விளையாடுகிற முற்றத்தில் இந்த வகை வேண்டாம்.

அக்கா வீட்டில் அதே முனை வரமாகிவிட்டது. அங்கே கடற்கரை மணல், உப்புக்காற்று, கட்டாக்காலி மாடு. அவ வைத்த குரோட்டனும் செவ்வரத்தையும் மாட்டின் வாய்க்குத்தான் போயின. தருமபுரத்தில் என் ஜிகாண்டியாவின் மெல்லிய நுனியையும் ஒருமுறை மாடு சப்பிவிட்டுப் போனது. அலோயிஃபோலியாவை ஒரு மாடு முகர்ந்து பார்த்துத் தலையை உதறிக்கொண்டு போனதை அக்கா வாட்சப்பில் அனுப்பியிருந்தா. இதன் சொந்த இடமே அமெரிக்காவின் தென்கிழக்குக் கடற்கரை மணல்மேடுகள். முல்லைத்தீவுக் கரையில் வைத்ததும் தன் ஊருக்கு வந்ததுபோல் வேர் பிடித்தது. பெயரின் அர்த்தம் கற்றாழை இலையுள்ளது என்பதுதான். எங்கள் கண்ணுக்குத் தாழையை ஒட்டிய தோற்றம்.

2023

கோட்டு யூக்காவின் இலை இடுக்கில் மாப்பூச்சி. மழை படாத விறாந்தை மூலையில் வைத்திருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். சவர்க்காரத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலந்து, பழைய பல்துலக்கும் தூரிகையால் ஒவ்வொரு இடுக்காகத் தேய்த்தேன். கிழமைக்கு ஒருமுறை, ஐந்து கிழமை. இரண்டு தரத்தோடு நிறுத்தினால் திரும்பி வரும். பிறகு செடியை வெளியே வைத்த அவசரத்தில் நேரே நடுவெயிலில் வைத்து, வெள்ளைக் கோடெல்லாம் பழுப்பாக எரிந்தது. கோடு போட்ட வகையை நிழலிலிருந்து வெயிலுக்கு இரண்டு கிழமையாகப் பழக்க வேண்டும். பச்சைக்கு அந்தக் கவனம் அவ்வளவு தேவை இல்லை.

தண்டு வெட்டிப் போட்ட பதியம் பிடித்ததும் இந்த வருடம்தான். உயர்ந்துபோன பச்சையை இடுப்பளவில் வெட்டி, தண்டை ஒரு முழத் துண்டுகளாக்கி, எது மேல் எது கீழ் என்று குறிக்கச் சுண்ணாம்பால் கோடு போட்டேன். தலைகீழாக நட்டால் வேர் வராது. வெட்டுவாய் காய ஒரு கிழமை நிழலில் வைத்தேன். மாசியில் நட்ட 6 துண்டில் 5 பிடித்தன. முன்பு கார்த்திகையில் நட்ட 4 துண்டில் ஒன்றும் இல்லை. வேலிக்குக் கதியால் போடுகிற பழக்கத்தில் மழையோடு நட்டதன் விளைவு. பூவரசுக்கு அது சரி, யூக்காவுக்குச் சரிவராது. வெட்டிய அடிக்கட்டையில் இரண்டு இடத்தில் புதுக்குருத்து வந்தது. இப்போது அது இரண்டு தலையோடு நிற்கிறது, முன்னையைவிட வடிவாக.

2024

ஆனியில் சிலாவத்தையில் பூத்தது! அக்கா விடியக் காலமை எடுத்த தொலைபேசியில் முதல் வார்த்தையே அதுதான். போய்ப் பார்த்தேன். இலைக்கொத்தின் நடுவிலிருந்து முழங்கை நீளத்துக்குமேல் ஒரு குலை. தலைகவிழ்ந்த வெள்ளை மணிகள், அடியில் இலேசான ஊதா. ஆனைக்கற்றாழைபோலப் பூத்ததும் செத்துவிடுமோ என்று அக்கா பயந்தா. யூக்கா அப்படி இல்லை. பூத்த தலை நின்று, பக்கத்தால் கிளை விடும்.

யூக்காவின் காய்க்குப் பின்னால் ஒரு பூச்சி இருக்கிறது. அமெரிக்காவில் யூக்கா அந்துப்பூச்சி என்ற சின்ன வெள்ளைப் பூச்சி. பெண் பூச்சி ஒரு பூவின் மகரந்தத்தை வாயருகே பந்தாக உருட்டி எடுத்துக்கொண்டு, இன்னொரு பூவுக்குப் போய்ச் சூலகத்தில் முட்டையிட்டு, மகரந்தத்தைத் தன் பாட்டுக்குச் சூலகமுடியில் அழுத்தி வைக்கிறது. புழு கொஞ்ச விதையைத் தின்னும், மீதி செடிக்கு. 1872 இல் செயின்ட் லூயிசில் ஜோர்ஜ் எங்கெல்மன் கவனித்த பிறகுதான் இது உலகுக்குத் தெரியவந்தது. அந்தப் பூச்சி இங்கே இல்லை. அக்கா வீட்டுக் குலை காய்க்காமலே உதிர்ந்தது. விதைக்காகக் காத்திருக்காமல் தண்டும் பக்கக்கன்றும் எடுங்கள்.

கார்த்திகைக் கடைசியில் ஃபெங்கால் புயல் மழை. வடக்கெல்லாம் வெள்ளம். எங்கள் வளவில் முழங்கால் அளவு தண்ணீர் ஒன்றரை நாள் நின்றது. மேட்டில் இருந்த ஜிகாண்டியாவின் அடி நனைந்தது, தலை தப்பியது. பின்பக்கம் மேடு கட்டாமல் விட்டிருந்த பதியம் இரண்டும் அழுகின. அதே செடியில் வெட்டிய துண்டுகள்தான். இடையில் இருந்த பெரிய வித்தியாசம் அந்த ஒரு முழ மண்தான்.

கனடாவில் மச்சாள் வீட்டு முன்னால் நிற்பது யூக்கா ஃபிலமென்டோசா. தண்டு இல்லாமல் நிலத்தோடு கொத்தாக இருக்கும், இலையோரத்தில் வெள்ளை நூல் சுருண்டு தொங்கும். பனிக்குள் புதைந்து கிடந்து சித்திரையில் எழும்புகிறது என்று படம் அனுப்புகிறா. அழகுதான். ஆனால் சோதனைச் சான்றில்லாமல் செடியைத் தபாலில் எடுப்பது சட்டப்படி கூடாது என்று அவவிடம் சொல்லிவிட்டேன். அங்கே குளிரில் பழகி நிற்பதை எங்கள் ஆவணி வெக்கைக்குள் கொண்டுவரவும் எனக்கு மனமில்லை.

2025 ஆனி

இன்றைய நிலை: முற்றத்தில் இரண்டு தலைப் பச்சை, என் உயரத்துக்குக் கொஞ்சம் மேல். விறாந்தையில் கோட்டுச் செடி, பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு செம்புத் தண்ணீர், மாரியில் அதுவும் இல்லை. சிலாவத்தையில் அலோயிஃபோலியாவும் அதன் மூன்று பக்கக்கன்றும் மாட்டுப் பாதையை மறித்து நிற்கின்றன.

நேற்று பச்சையிலிருந்து நாலு துண்டு வெட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டு விறாந்தையில் சாத்தியிருக்கிறேன். ஆச்சிக்கு. கிழங்கு வராது என்று தெரிந்தபிறகும் “பரவாயில்லை பிள்ளை, படலைக்கு ரண்டு பக்கமும் நிண்டால் வடிவு” என்று கேட்டா. வெட்டுவாய் காய்வதற்குள் அவவின் படலையடியில் மேடு கட்டி முடிக்க வேண்டும். கிரவல் இரண்டு வண்டில் சொல்லியிருக்கிறேன்.