வரிசை வீட்டுக்கு ஏற்ற வெளிச்சம்: அறைவாரியாக பல்பு மாற்றிப் பார்த்த அனுபவம்

ராயபுரத்தில் நாங்கள் குடியிருப்பது இரு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர்களைக் கொண்ட பழைய வீடு. முன்னறை, நடு அறை, படுக்கையறை, சமையலறை என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நேர்க்கோட்டில் அமைந்திருப்பதால், தெருவைப் பார்த்த முன்னறைக்கும் பின்கட்டை ஒட்டிய சமையலறைக்கும் மட்டுமே கொஞ்சம் பகல் வெளிச்சம் கிடைக்கிறது. இடையில் உள்ள அறைகளில் நண்பகலிலும் விளக்கு எரிய வேண்டும். வட சென்னையின் பல தெருக்களைப் போலவே எங்கள் வீட்டிலும் டியூப்லைட் காலத்துப் பழக்கம் தொடர்ந்து, எல்.இ.டி. வந்த பிறகும் எல்லா அறைகளிலும் 6500 கெல்வின் வெள்ளை பல்புகளே இருந்தன. அவற்றை அறை அறையாக மாற்றி, ஒவ்வொரு மாற்றத்தையும் சில வாரங்கள் அப்படியே விட்டுப் பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றை எழுதி வைக்கிறேன்.

கெல்வின் எண் எதைக் குறிக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். இரும்பைக் காய்ச்சினால் முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, மேலும் சூடேறினால் வெண்மையாகிறது. எந்த வெப்பநிலையில் எந்த நிறம் என்பதை அளவுகோலாகக் கொண்டதே நிற வெப்பநிலை. பழைய குண்டு பல்பின் டங்ஸ்டன் இழை உண்மையிலேயே ஏறத்தாழ 2700 கெல்வின் வரை சூடாகி ஒளிர்ந்தது. எல்.இ.டி. பல்பில் அப்படி எதுவும் நடப்பதில்லை. நீல ஒளி தரும் ஒரு சில்லின் மேல், அந்த நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சள் ஒளியாக மாற்றும் பாஸ்பர் என்ற பொருள் பூசப்பட்டிருக்கிறது. இரண்டும் கலந்துதான் வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீலச் சில்லை உருவாக்கியதற்காகவே இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே எல்.இ.டி. பெட்டியில் உள்ள 4000 என்ற எண், அந்த ஒளி எந்த நிறத்துக்கு அருகில் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. அதன் கீழே வைக்கப்படும் பொருளின் நிறம் சரியாகத் தெரியுமா என்பதை அது சொல்வதில்லை. என் அனுபவத்தில் பல்பு வாங்குவோர் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

சமையலறையில் இது தெளிவாகப் புரிந்தது. காசிமேட்டிலிருந்து மீன் வந்ததும் அம்மா முதலில் பார்ப்பது செவுளைத்தான். சங்கராவின் செவுள் நல்ல சிவப்பாக இருக்கிறதா, பழுப்பேறிவிட்டதா என்பதை விளக்கொளியில் முடிவு செய்ய முடியாமல், பின்கட்டு வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்ப்பதே அவருக்கு வழக்கமாக இருந்தது. முதலில் 6500ஐ எடுத்துவிட்டு 2700 பல்பைப் போட்டேன். எல்லா மீனும் சிவப்பாகத் தெரிந்தது. அதுவும் பயன்படவில்லை, ஏனெனில் மஞ்சள் ஒளி பழைய மீனுக்கும் புது மீனின் நிறத்தைக் கொடுத்துவிடுகிறது. அடுத்ததாக 4000 கெல்வினில் இரண்டு பல்புகளை ஒப்பிட்டேன். ஒன்றின் சி.ஆர்.ஐ., அதாவது பொருட்களின் நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண், 80. மற்றொன்றின் சி.ஆர்.ஐ. 90. வெளிச்சத்தின் நிறம் ஏறத்தாழ ஒன்றாக இருந்தும், முதலாவதில் தக்காளியும் செவுளும் மங்கி, சாம்பல் கலந்ததுபோல் இருந்தன. இரண்டாவதில் வாசலில் பார்த்த நிறம் பெருமளவு அப்படியே வந்தது. சி.ஆர்.ஐ. என்பது எட்டு மென்நிறங்களை வைத்துக் கணக்கிடப்படும் சராசரி. அழுத்தமான சிவப்பு ஆர்9 என்ற பெயரில் தனியாக அளக்கப்படுகிறது, அந்தச் சராசரியில் சேர்வதில்லை. அதனால் 80 மதிப்பெண் பெற்ற பல்பு சிவப்பில் மட்டும் மிகவும் பின்தங்கியிருக்கக் கூடும். மீனும் இறைச்சியும் கையாளும் சமையலறைக்கு 4000 கெல்வினும் 90க்குக் குறையாத சி.ஆர்.ஐ.யும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நடுக்கூரையில் இருந்த விளக்கு, நின்று வேலை செய்பவரின் நிழலையே மேடையில் விழச் செய்ததால், மேல் அலமாரியின் அடியில் பேட்டன் எனப்படும் ஒரு சிறிய நீள விளக்கையும் பொருத்தினோம். அம்மா இப்போது மீனை வாசலுக்கு எடுத்துப் போவதில்லை.

நடு அறையில் அண்ணியின் தையல் இயந்திரம் இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் புடவைக்கு ஏற்ற பிளவுஸ் துணியைத் தேர்ந்தெடுக்கும் பெண்கள், கடை விளக்கை நம்பாமல் துணியைத் தெருவோரத்துக்கு எடுத்து வந்து பார்ப்பதைக் காணலாம். அவர்கள் செய்வது முற்றிலும் சரி. இரண்டு சாயங்கள் ஒரு விளக்கின் கீழ் ஒன்றாகவும் மற்றொன்றின் கீழ் வேறாகவும் தெரிவது இயற்பியல் உண்மை. நூல்கண்டைத் துணியோடு ஒப்பிடும் வேலைக்கு மஞ்சள் ஒளி உதவாது. கருநீலமும் கறுப்பும் அதன் கீழ் ஒன்றாகிவிடுகின்றன. பகலொளியின் அளவுகோலாகக் கொள்ளப்படும் டி65 என்பதும் ஏறத்தாழ 6500 கெல்வின்தான். ஆகவே வீட்டிலேயே இந்த ஓர் இடத்தில் மட்டும் 6500ஐ விட்டுவைத்தேன், ஆனால் சி.ஆர்.ஐ. 90 உள்ள பல்பாக மாற்றி, இயந்திரத்தின் மேல் மட்டும் ஒளி விழும்படி மூடி கொண்ட மேசை விளக்கில் பொருத்தினேன்.

மூடி தேவைப்பட்டதற்குக் காரணம் வீட்டின் அமைப்பு. தெருக்கதவைத் திறந்தால் கடைசி அறை வரை ஒரே பார்வையில் தெரிவதால், முன்னறை 2700ஆகவும் நடு அறை 6500ஆகவும் இருந்தபோது ஒன்று அழுக்கு மஞ்சளாகவும் மற்றொன்று நீலமாகவும் பட்டது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் குறையில்லை. கண் ஒரே வெளிச்சத்தில் சில நிமிடங்கள் இருந்தால் அதையே வெள்ளையாக ஏற்றுக்கொள்ளும். இரண்டையும் ஒருசேரப் பார்க்கும்போது அதற்கு அந்த வாய்ப்பு இல்லை. இங்கே மைரெட் என்ற கணக்கு பெரிதும் உதவியது. பத்து லட்சத்தைக் கெல்வின் எண்ணால் வகுத்தால் வருவது மைரெட். 2700க்கு 370, 3000க்கு 333, 4000க்கு 250, 6500க்கு 154. கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு கெல்வின் இடைவெளியை அல்ல, இந்த எண்களின் இடைவெளியையே பெரிதும் ஒட்டியிருக்கிறது. 6000க்கும் 6500க்கும் 13 மைரெட் மட்டுமே. 2700க்கும் 3200க்கும், அதே 500 கெல்வின் இடைவெளியில், 58. முன்னறைக்கும் நடு அறைக்கும் இடையே வேறுபாட்டை 100 மைரெட்டுக்குள் வைத்துக்கொண்டதும் உறுத்தல் நின்றது. அந்த அளவில் 3000க்குப் பக்கத்தில் 4000 இருக்கலாம். 6500 இருக்கக் கூடாது.

படுக்கையறைக்கு 2700. விழித்திரையில் பார்வைக்கான செல்களைத் தவிர, உடலின் பகல்-இரவு ஒழுங்குக்குச் செய்தி அனுப்பும் செல்களும் உண்டு என்பது 2002இல் உறுதியானது. அவை 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கே மிகுதியாக இசைகின்றன. 2700இல் அந்த நீலம் குறைவு. ஆனால் மிகப் பிரகாசமான மஞ்சள் பல்பும் தூக்கத்தைத் தள்ளிப்போடும் என்பதால், 9 வாட்டை எடுத்துவிட்டு 5 வாட் போட்டோம். மங்கலான 6500 ஒளி வெளிறிச் சோகமாகத் தெரிகிறது, அதே மங்கலில் 2700 இதமாக இருக்கிறது என்பதையும் அப்போது கவனித்தேன். இதை ஒட்டிய வரைபடம் ஒன்றை டச்சு அறிஞர் குருய்தாப் 1941இல் வெளியிட்டார். பின்வந்த சோதனைகள் அதை முழுவதும் ஏற்கவில்லை என்றாலும், மங்கல் ஒளியைப் பற்றிய பகுதி எங்கள் அறைக்குப் பொருந்தியது. அண்ணன் துறைமுகத்தில் இரவு ஷிப்ட்டுக்குப் போகும் வாரங்களில், கிளம்பும் முன் படுக்கையறையில் உட்காராமல் முன்னறை வெள்ளை வெளிச்சத்தில் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். விழிப்பாக இருப்பதாகச் சொல்கிறார்.

பூஜை அலமாரிக்கும் 2700தான். எண்ணெய் விளக்கின் சுடர் ஏறத்தாழ 1900 கெல்வின். அதன் பக்கத்தில் நீல வெள்ளை எரிந்தால் சுடர் எடுபடாது.

பல்பு வாங்கக் கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்குப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஒரே அறைக்கான பல்புகளை ஒரே நிறுவனத்தில், ஒரே சமயத்தில் வாங்குவது நல்லது. 4000 என்று அச்சிட்ட இரண்டில் ஒன்று லேசாகப் பச்சையும் மற்றொன்று ரோஜா நிறமும் காட்டுவதுண்டு. கைப்பேசிக் கேமராவில் எந்த ஒளியை வெள்ளையாகக் கொள்வது என்பதைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் 5000இல் நிறுத்திவிட்டு வெள்ளைத் தாளைப் படமெடுத்தால் இந்த வேறுபாடு தெரிந்துவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மட்டமான டிரைவர் (எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் உள்சுற்று) கொண்ட பல்பு நொடிக்கு 100 முறை மினுக்கும். ஸ்லோமோஷன் காணொளியில் அது கண்ணுக்குப் புலப்படும். சுவிட்ச்சை அணைத்துப் போட்டால் நிறம் மாறும் மூன்று நிற பல்பு எங்களுக்கு ஒத்துவரவில்லை, மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலே நிறம் மாறிவிடுகிறது.

முன்னறைச் சுவர் வெளிர்பச்சை. 2700 அதை மங்கிய பாசி நிறமாக்கியதால், அங்கே 4000 டியூப் ஒன்றும் 3000 சுவர் விளக்கு ஒன்றும் தனித்தனி சுவிட்ச்சில் இருக்கின்றன. பிள்ளைகள் படித்து முடித்ததும் டியூபை அணைத்துவிடுகிறோம். அடுத்த முறை சுண்ணாம்பு அடிக்கும்போது சுவரை வெளிர்மஞ்சளாக மாற்றலாமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். அதற்கு முன் அந்த நிறத்தைப் பூசிய ஓர் அட்டையை இரு விளக்குகளின் கீழும் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.