யாரு வீட்டுப் பிள்ளை?

1977-ல் ஆரம்பித்த ஸ்டார் வார்ஸ் விண்வெளிப் படங்களின் மையக் கதையை 2019-ல் 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' என்ற ஒன்பதாவது படத்தோடு முடித்து வைத்தார்கள். முடித்தார்கள் என்பதைவிட கைகழுவினார்கள் என்பதுதான் சரி. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு சாந்திக் கல்யாணத்துக்கு, அதாவது அறுபதாம் கல்யாணத்துக்கு, கூடியபோது அக்கா மகன் புரொஜெக்டரோடு வந்திருந்தான். திரையே வேண்டியிருக்கவில்லை. முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய வளவுச் சுவர் அத்தனை பளபளப்பு.

1983-ல் வந்த படத்தில் வில்லன் டார்த் வேடரே தூக்கிப் பாதாளத்தில் எறிந்த பேரரசர் பால்பட்டைன் இதில் மறுபடி வந்து நிற்கிறார். எப்படி? 'எப்படியோ திரும்பி வந்துட்டார்' என்று படத்திலேயே ஒருவன் சொல்கிறான். அவ்வளவுதான் விளக்கம். நம் சீரியல்காரர்கள்கூட இரட்டைப் பிறவி என்று ஒரு காரணம் காட்டுவார்கள்.

மனகோலம் பலகாரத்தை நொறுக்கிக்கொண்டே பார்த்தோம். ஆயா, அதாவது எங்கள் பாட்டி, தூங்குகிறார் என்றுதான் நினைத்தோம். நாயகி ரே அந்தப் பேரரசரின் பேத்தி என்று நான் சொன்னதும் கண்ணைத் திறந்தார்.

"நேத்துப் பாத்த படத்துல அப்பன் ஆத்தா ஒண்ணுமில்லாதவகன்னியே?"

வாஸ்தவம். 2017-ல் வந்த எட்டாவது படத்தில், குடிக்கிற காசுக்காகப் பெற்ற மகளையே விற்ற பழைய சாமான் வியாபாரிகள் அவர்கள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது. பெரிய வீட்டில் பிறக்காத பெண்ணும் வாளெடுக்கலாம் என்றிருந்தது. இயக்குநர் மாறினார், பரம்பரையும் மாறிவிட்டது.

ஆயாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "பூட்டிக் கெடக்குற வீட்டை விக்கப் போனா இப்படித்தான் புதுசு புதுசாப் பேத்தி கெளம்பும்."

நடுவில் உடம்பெல்லாம் ரோமமாக இருக்கும் சூபாக்கா செத்துவிட்டது என்று பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் அது உயிரோடு வந்துவிட்டது.

கடைசிக் காட்சி பாலைவனம். அந்த வழியாகப் போகும் ஒரு கிழவி, "நீ யாரு?" என்கிறாள். ரே என்றதும், "எந்த ரே?" என்று விடாமல் கேட்கிறாள்.

ஆயா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்த ஆச்சிதான் முறையா விசாரிக்குது."

ரே தூரத்தில் தெரியும் லூக், லேயா ஆவிகளைப் பார்த்துவிட்டு, 'ரே ஸ்கைவாக்கர்' என்கிறாள். தாத்தா பேர் வேண்டாமென்று குருமார் வீட்டுப் பேரை எடுத்துக்கொண்டாள், ஸ்வீகாரம் மாதிரி என்று விளக்கினேன்.

"அப்பப் பிள்ளை கூட்டியிருக்காக. பொண்ணையுமா கூட்டுவாக? சரி, யாரு கூட்டுனா?"

"ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்துட்டாங்க ஆயா."

"பங்காளி யாரும் கையெழுத்துப் போடலையா?"

"ஒருத்தரும் மிச்சமில்லை."

"செல்லாது" என்று சொல்லிவிட்டு ஆயா எழுந்து படுக்கப் போனார்.