சாலைக்குள் போகும் சுரங்கக் கழிவு

சுரங்கக் கழிவு என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் அடங்கியுள்ளன. தாதுவை எட்டுவதற்காக அகழ்ந்து ஒதுக்கப்படும் பாறையை உடைத்துச் சலித்து, சாலையின் கரைக்கும் அடித்தளத்துக்கும் இடுவது பல நாடுகளில் பழகிப்போன ஒன்று. தாதுவை அரைத்து உலோகத்தைப் பிரித்தபின் எஞ்சும் நுண்துகள் சேறோ எளிதில் வசப்படாது. அது நீரைப் பிடித்துவைத்து ஈரத்தில் வலுவிழப்பதால், உலர்த்தி, சிமென்ட்டோ சுண்ணாம்போ கலந்து இறுக்க வேண்டியிருக்கிறது. 2019 ஜனவரியில் பிரேசிலின் புருமாடின்யோவில் இரும்புச் சுரங்கத்தின் சேற்று அணை உடைந்து ஏறத்தாழ 270 பேர் இறந்ததை நினைத்தால், அதைத் தேக்கிவைப்பதைவிடப் பயன்படுத்தித் தீர்ப்பதே மேல் என்று தோன்றுவது இயல்பே.

ஆனால் இந்தப் பேச்சு பெரும்பாலும் வலிமையைச் சுற்றியே நின்றுவிடுவதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. ஒரு பொருள் எவ்வளவு சுமை தாங்கும், உருளைக்குள் இரும்புக் குண்டுகளோடு சுழற்றினால் எவ்வளவு தேயும் என்பதைச் சோதனைக்கூடத்தில் சில நாட்களில் அறிந்துவிடலாம். மழைநீர் பல ஆண்டுகள் அதனூடே கசிந்தால் எதைக் கரைத்துக்கொண்டு வெளியேறும் என்பது அப்படிப்பட்ட கேள்வியில்லை. பாறையில் பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமம் இருந்தால், காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலம் உருவாகி உலோகங்களைக் கரைப்பதோடு, அதனால் விளையும் சல்பேட் அருகிலுள்ள கான்கிரீட் மதகுகளையும் அரிக்கிறது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் விட்டெனூமில் நீலக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சுரங்கக் கழிவைத் தெருக்களிலும் முற்றங்களிலும் பரப்பினார்கள். 1966இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னும் நஞ்சு தரையிலேயே கிடந்தது, 2007இல் அவ்வூர் தன் நகரத் தகுதியையே இழந்தது. அமெரிக்காவின் கிராண்ட் ஜங்ஷனில் யுரேனிய ஆலைக் கழிவு நல்ல மணலாகத் தெரிந்ததால், வீட்டு அடித்தளம் முதல் சாலைவரை நிரப்பப்பட்டது. பின்னர் பெருஞ்செலவில் தோண்டி எடுக்க நேர்ந்தது. இவ்விரண்டு இடங்களிலும் வலிமை போதவில்லை என்று எவரும் குறைகூறவில்லை.

ஆகவே, ஒக்லஹோமா, கான்சாஸ், மிசௌரி எல்லையில் மலைபோல் குவிந்த ஈய, துத்தநாகச் சுரங்கச் சல்லிக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2007இல் வகுத்த விதி எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. அமெரிக்க மத்திய அரசு நிதியில் அமையும் சாலைகளில் அச்சல்லி தார்க்கலவைக்குள்ளோ கான்கிரீட்டுக்குள்ளோ பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். தளர்வாகப் பரப்பினால் ஈயத் தூசு பறக்கும். ஒரு சாலையின் தார்மேற்பரப்பு என்றாவது சுரண்டப்படும், அப்போது உள்ளே இருப்பது என்னவென்று வேலை செய்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதால், எந்தச் சாலையில் எந்தக் கழிவு இடப்பட்டது என்ற பதிவும் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பேன்.

இவை எல்லாம் சரியாக அமைந்தாலும் தூரம் குறுக்கிடும். கல் மலிவான பொருள், ஏற்றிச்செல்வதே அதன் பெரிய செலவு. சாலைக்கு அருகில் கல்குவாரி இருந்தால் தொலைவிலுள்ள கழிவு இலவசமாகக் கிடைத்தாலும் கட்டுபடியாகாது. சுரங்கத்தின் உள்சாலைகளிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்ச்சாலைகளிலுமே இக்கழிவு எளிதில் இடம்பிடிப்பதற்கு அதுவே காரணம்.